ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல

எனக்கு அந்த வேலை கிடைத்ததே தமிழ் தெரியும் என்று நான் சொன்னதால்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பி.ஏ. முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். தெற்கு தில்லியில் ஒரு அறக்கட்டளை நடத்திய இலவச மருத்துவ நிலையத்தில் சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் தேவை என்று அப்பாவின் அலுவலக நண்பர் சொன்னார். நிலையத்தின் பின்புறம் ஒரு நாலா ஓடியது. ஒரு காலத்தில் ஓடையாக இருந்து சாக்கடையாகிப் போனது. அதன் கரை நெடுகத் தகரமும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள். பாதிக்கு மேல் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தார்கள். அவர்கள் சொல்வது டாக்டருக்குப் புரியவில்லை. அதனால் தமிழ் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள்.

விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழுக்கு நேராக எழுத, படிக்க, பேச என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் டிக் போட்டேன். உண்மையில் தமிழில் என் பெயரை எழுதுவேன். ஊருக்குப் போனால், பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் தமிழ் என்பது சாப்பிடக் கூப்பிடவும், திட்டவும், அடுத்த வீட்டுப் பஞ்சாபி மாமிக்குப் புரியக்கூடாததைச் சொல்லவும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. யோசிப்பது, சண்டை போடுவது, கனவு காண்பது எல்லாம் இந்திதான்.

உடம்பைப் பற்றிய சொற்கள் என்னிடம் மிகக் குறைவு. அம்மா அவற்றை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. மாதவிலக்கு வந்தால் எங்கள் வீட்டில் "தூரம்" என்பார்கள். அந்த ஒரு சொல் தெரியும். தமிழ் பேசும் எல்லார் வீட்டிலும் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடிசைக்காரர்களை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் என்னை மத்ராஸி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நான் அந்த மாதிரி மத்ராஸி இல்லை என்று நிரூபிப்பதிலேயே என் பாதி வயது போயிருந்தது. இங்கே தினமும் அந்த மாதிரி ஐம்பது பேர் வந்து வரிசையில் நின்றார்கள். காலையில் கதவைத் திறக்கும்போது கம்பவுண்டர் என்னைப் பார்த்துச் சொல்வார்: "லோ, தேரே லோக் ஆ கயே." இந்தா, உன் ஆட்கள் வந்துவிட்டார்கள். எனக்குக் காது சுடும். அந்தக் கோபத்தைக் கம்பவுண்டரிடம் காட்ட முடியாது. வரிசையில் நிற்பவர்களிடம் காட்டினேன். என்னைவிட மூத்த பெண்களையும் நீ, வா, போ என்றேன். அவர்கள் என்னை அக்கா என்றார்கள்.

அன்று ஜனவரி மாதச் சனிக்கிழமை. பதினொரு மணி வரை பனிமூட்டம் கலையவில்லை. டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள் வருவார். ஓய்வு பெற்ற பஞ்சாபிக்காரர், கெட்ட மனிதர் இல்லை. கைகளை ஹீட்டருக்கு மேல் காட்டியபடியே நோயாளிகளைப் பார்த்தார். பக்கத்தில் கம்பவுண்டர், மருந்து எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். வாசலில் கதவில்லை. அடுத்த நாலைந்து பேர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ் ஆட்கள் வந்தால் நான் மேஜைக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நிற்பேன்.

அவளுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, ஆண்கள் போடும் ஒரு பழைய ஸ்வெட்டர், முகத்தில் மஞ்சள் பூசிய தடம். முந்தானையை இடுப்பில் செருகியிருந்த இடத்தில் வலது கையை அழுத்தி வைத்திருந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"அடிவயித்துல குத்துதுக்கா. இந்தப் பக்கம் மட்டும். நாலு நாளா."

நான் இந்தியில் சொன்னேன். டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். "இஸ்கா மஹீனா டீக் ஹை?" மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று.

அதைத் தமிழில் கேட்க வேண்டும். டாக்டர், கம்பவுண்டர், வாசலில் நிற்கும் ஆண்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, என் வீட்டுச் சொல்லைப் போட்டுக் கேட்டேன்.

"தூரமெல்லாம் சரியா இருக்கா?"

அவள் ஒரு நொடி விழித்தாள். "தூரம் ஒண்ணும் இல்லக்கா. சரியாத்தான் இருக்குது. இதோ பின்னாலதான் வூடு."

"டீக் ஹை," என்று டாக்டரிடம் திரும்பினேன். வீடு எங்கே இருக்கிறது என்று இவள் ஏன் சொல்கிறாள் என நான் யோசிக்கவில்லை. இருக்குது என்றாள், அது போதும். அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

அவள் போகவில்லை. ஏதோ விட்டுப்போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கம்பவுண்டரை ஒரு தரம் பார்த்தாள், பிறகு என் காதருகே குனிந்தாள். அவள் கழுத்திலிருந்து சோப்பு வாசனை வந்தது. சிவப்பு சோப்பு, எங்கள் வீட்டில் கை கழுவ வைத்திருப்போமே, அது.

"ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தலக்கா," என்றாள். "நீங்களே டாக்டருகிட்ட சொல்லுங்க."

"க்யா கஹதீ ஹை?" என்ன சொல்கிறாள் என்றார் டாக்டர்.

"கஹதீ ஹை, தோ மஹீனே ஸே நஹாயீ நஹீன்."

இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை என்கிறாள். அவள் காதோடு சொன்னதை நான் அறைக்கே கேட்கச் சொன்னேன். தலைக்கு என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். அது எதற்கு என்று பட்டது.

அவள் வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்காக எழுந்த டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ், "ஹாய் ராம், சர்தீ மே பீ தோ மஹீனே?" என்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். குளிரென்றாலும் இரண்டு மாதமா என்று. கம்பவுண்டர் ஒரு அடி பின்னால் போய் நின்று நாற்றம் தாங்காதது போல நடித்துக் காட்டினார். வாசலில் நின்ற இந்திக்காரர்கள் சிரித்தார்கள். தமிழ் ஆட்களுக்கு எதற்குச் சிரிப்பு என்று தெரியாவிட்டாலும் அவர்களில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் முதல் முறையாக இந்திக்காரர்கள் பக்கம் நின்று சிரித்தேன். நன்றாக இருந்தது.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார், அழுக்கினால் வரும் தொற்று, சிறுநீர்ப் பாதையில் ஏறியிருக்கும், மாத்திரை தருகிறேன், முதலில் போய்க் குளிக்கச் சொல்.

நான் சொன்னேன். "முதல்ல வீட்டுக்குப் போய்க் குளி. சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு, தினமும் குளிக்கணும். குளிச்சா வலி போயிடும்."

அவள் முகம் எப்படியோ ஆயிற்று. "நான் தெனம் குளிக்கிறவக்கா."

"இப்பதானே ரெண்டு மாசமாக் குளிக்கலைன்னு சொன்னே?"

"ஐயோ, அதில்லக்கா." சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்குள்ளேயே சொல்வது போல, உதடு மட்டும் அசைய, இன்னொரு தரம் முயன்றாள். "முழுகாம இருக்கனோன்னுதான்..."

முழுகுவது என்றால் எனக்குத் தெரியும். ஹரித்துவாருக்குப் போனபோது அம்மா கங்கையில் மூன்று முறை முழுகச் சொன்னாள்.

"பாரு, நீயே சொல்றே," என்றேன்.

நர்ஸ் மாத்திரையை அவள் கையில் வைக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தாள். அவள் எடுத்துக்கொண்டு, சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள். வாசலில் நின்றவர்கள் அவள் மேல் படாமல் விலகி வழிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் வரை அதே பேச்சு. கம்பவுண்டர் என்னை ஒருமுறைகூட உன் ஆட்கள் என்று சொல்லவில்லை. டீ வந்தபோது முதல் கிளாஸை எனக்குத் தந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அப்பா வாங்கி வந்திருந்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றாகக் கதை சொல்வேன். நர்ஸ் மூக்கைப் பொத்தியதையும் கம்பவுண்டர் பின்வாங்கியதையும் நடித்துக் காட்டினேன். முன்னறையில் அப்பா சிரித்தது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"அவ என்ன வார்த்தை சொன்னா?"

"குளிக்கலைன்னா."

"குளிக்கலைன்னா சொன்னா? சரியா சொல்லுட்டி."

"ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தலைன்னா. அப்புறம் முழுகலையோ என்னவோ. எல்லாம் ஒண்ணுதானே?"

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "ஏ பாவி," என்றாள். சத்தம் போடவில்லை. "மாசாமாசம் ஆகி முடிஞ்சா தலைக்குக் குளிக்கோம்லா, அதைச் சொல்லியிருக்கா. ரெண்டு மாசமாத் தள்ளிப் போயிருக்கு அவளுக்கு. முழுகாம இருக்கான்னா உண்டாயிருக்கான்னு அர்த்தம். பிள்ளைத்தாச்சிட்டி அவ."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். "அப்போ நேரா சொல்ல வேண்டியதுதானே? ஏன் சுத்தி வளைச்சுப் பேசணும்?"

"நாலு ஆம்பளைக நிக்கையிலயா? அவளுக்கு அதுதான் நேரா சொல்லுதது. நீ நேரா கேட்டியா?"

தூரம் சரியா இருக்கா என்று கேட்டதும், வீடு பின்னால்தான் என்று அவள் சொன்னதும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தின.

"எந்தப் பக்கம் வலிக்குன்னா?"

"ஒரு பக்கம் மட்டும்."

அம்மா எழுந்துவிட்டாள். "உண்டானவளுக்கு ஒரு பக்கமா வலிக்கப்படாது. எங்க சித்தி மகளுக்கு இப்படித்தான் ஆச்சு, ஆபரேசன் பண்ணிப் பிழைச்சா. இப்பமே போய்ச் சொல்லிட்டு வந்துருவோம். வீடு தெரியும்லா?"

ஆறு மணிதான் ஆகியிருந்தது. இருட்டி, மறுபடி பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் இருபது நிமிடம். சீட்டுப் புத்தகத்தில் அவள் குடிசை எண்ணை நானே எழுதியிருந்தேன். ஆனாலும் சொன்னேன், "அட்ரஸ் கிடையாதும்மா. அங்கே ஆயிரம் குடிசை இருக்கு. திங்கட்கிழமை டாக்டர் வருவார், சொல்லிடறேன்." அம்மா முன்னறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "இந்த நேரத்துல அந்தப் பக்கம் பொம்பளைப் பிள்ளைக போவக் கூடாது, திங்கக்கிழமை பாத்துக்கலாம்," என்றார். அவர் பாதிக் கதைதான் கேட்டிருந்தார். மீதிப் பாதியில் அவருக்கு அக்கறை இல்லை.

ஆள் கிடைக்காது என்பதல்ல என் பயம். போனால் அவள் முன்னால் நிற்க வேண்டும். திங்கட்கிழமை டாக்டரிடமும் கம்பவுண்டரிடமும் எனக்குத் தமிழ் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரியில் அப்பாவின் நண்பர் ஒருவர் புது ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். வங்கியிலும் அரசாங்கக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், முப்பது பேர் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் பெய்த மழை, பிள்ளைகளின் மார்க்கு, ஆட்டோக்காரன் ஏமாற்றியது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்பா திடீரென்று என்னைப் பார்த்து, "ஏட்டி, உங்க ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்," என்றார்.

நான் மறுத்திருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன்.

இதைத்தான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சனிக்கிழமை நடந்தது தெரியாமல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியும். அது மட்டுமில்லை. தலைக்கு ஊத்தல என்ற சொல்லைச் சொன்னால் அங்கே இருக்கும் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள் என்றும் தெரியும். அதனால் அதைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன். "ரெண்டு மாசமாக் குளிக்கலைக்கா" என்று அவள் சொன்னதாகச் சொன்னேன். அவள் பேசியது போலவே, இழுத்து இழுத்து. அந்தக் "கா"வுக்கே பலர் சிரித்துவிட்டார்கள். ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பேரைக் கெடுக்கிறதே இதுகதான்," என்றாள் ஒரு அம்மாள். இலை போடக் கூப்பிட்டார்கள்.

அம்மா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவருக்கு ஹீட்டர் போட்டுக் கொடுத்தேன். டீ குடிக்கட்டும் என்று விட்டேன். கூட்டம் குறையட்டும் என்று விட்டேன். பதினொரு மணிக்கு இருமலுக்கு மருந்து வாங்க நாலாக் கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளிடம் அந்த எண்ணைச் சொல்லி, அந்த வீட்டுப் பெண்ணைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அதுவாக்கா? அது செத்துப்போச்சே," என்றாள். "நேத்து மத்தியானம். கொழாயாண்ட தண்ணிக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு, அப்படியே கண்ணு சொருகி உழுந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிடுச்சு. வயித்துக்குள்ளயே ரத்தமாம்."

அவள் சீட்டில் இருமல் என்று எழுதினேன். வயது, கணவர் பெயர் எல்லாம் எழுதினேன். அவள் போன பிறகு அடுத்தவரை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

டாக்டரிடம் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அது அர்த்தம் இல்லை, அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது, அதைத்தான் சொன்னாள் என்றேன். அவர் பேனாவை மூடினார். சனிக்கிழமைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். தான் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூனே ஜோ போலா, மைனே வஹீ லிகா." நீ சொன்னதைத்தான் நான் எழுதினேன்.

பொய் இல்லை. பிறகு சாதாரணக் குரலில் கேட்டார், "உன் பாஷை உனக்குத் தெரியாதென்றால் இங்கே எதற்கு நிற்கிறாய்?" பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. வாஷ்பேசினில் கை கழுவிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அது சனிக்கிழமை வந்தவளைப் பற்றியது என்று கம்பவுண்டருக்குப் புரிந்ததா, தெரியாது. அவர் மருந்து சீசாக்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை அவள் கணவன் வந்தான். நான் அவன் என்று எழுதுகிறேன், என்னைவிட மூத்தவன்தான், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கால் விரல்களில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. வரிசையில் நின்றே வந்தான். தன் முறை வந்ததும் ஜேபியிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"மேடம், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க. இங்கிலீசாம். அங்க யாருக்கும் தெரியல."

விரித்தேன். டாக்டரின் கையெழுத்து கிறுக்கல் இல்லை, அச்சடித்தது போல இருக்கும். முதல் வரியில் வயிற்று வலி. இரண்டாவது வரியில் மாதவிலக்கு ஒழுங்காக உள்ளது. மூன்றாவது வரியில் சுகாதாரம் மிக மோசம், இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை என்கிறாள். கீழே மாத்திரைகள்.

"வயித்து வலின்னு எழுதியிருக்கு," என்றேன். "மாத்திரை எழுதியிருக்கு."

அவன் விரலை மூன்றாவது வரியில் வைத்தான். "இது?"

"உடம்பைப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்கு."

சற்று நேரம் அந்த வரியையே பார்த்தான். "அங்க பெரிய ஆஸ்பத்திரியில சொன்னாங்க மேடம். கரு வேற எடத்துல தங்கி வெடிச்சிடுச்சாம். ஒரு நாளு முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருப்போம்னாங்க. அதான் அது சனிக்கெழமையே இங்க வந்துச்சேன்னு கேக்கலாம்னு வந்தேன். தள்ளிப்போயிருக்குன்னு சொல்லத்தான் வந்துச்சு."

நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் யாரோ ஜல்தி, ஜல்தி என்றார்கள்.

"வூட்டுக்கு வந்து அழுதுச்சு மேடம். என்னைக் குளிக்காதவன்னு எல்லாரும் சிரிச்சாங்கன்னு. குளிச்சா வலி போயிடும்னு சொன்னாங்களாம். அன்னிக்கு சாயங்காலமே மறுபடி தண்ணி புடிச்சாந்து குளிச்சுது. இந்தக் குளுருல. ஞாயித்துக்கெழமை காலையில ஒருவாட்டி. மத்தியானமும் குளிக்கணும்னு கொடத்தை எடுத்துக்கிட்டுக் கொழாய்க்குப் போச்சு. வேணாம் வேணாம்னு சொன்னேன். டாக்டரு சொன்னாருன்னுச்சு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. குளிக்கச் சொல் என்றார். குளித்தால் வலி போய்விடும் என்பது நான் சேர்த்தது.

"இங்க தமிழ் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருந்துச்சாமே," என்றான். "அதுதான் எல்லாத்தையும் டாக்டருக்குச் சொல்லிச்சாம். நீங்களா மேடம்?"

"இல்லை," என்றேன். "அது வேற பொண்ணு. லீவுல இருக்கா."

என்னுடைய தமிழைக் கேட்டுக்கொண்டே அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. சீட்டைத் திரும்ப மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டான். சண்டை போடுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க வந்தா ஒண்ணு சொல்லிடுங்க," என்றான். "அது தெனம் குளிக்கிறவதான்னு சொல்லிடுங்க."

போய்விட்டான். நான் அடுத்த ஆளின் பெயரைக் கேட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலமே அம்மா கேட்டிருந்தாள். ஜனக்புரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?" செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னேன். "வந்தா. டாக்டர்கிட்டே சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டார். இப்போ பரவாயில்லையாம், வயித்துப் பிள்ளைக்கும் ஒண்ணும் இல்லையாம்." அம்மா பூஜை அலமாரிக்குப் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். அவள் கோபம் அத்தோடு போனது.

பொய் அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. அம்மா மறக்கிறவள் இல்லை. ஹோலிக்குக் கேட்டாள், "இப்ப நாலு மாசம் இருக்கும்லா?" ஆமாம் என்றேன். மே மாத வெயிலில் கேட்டாள், "அந்தப் புள்ள இந்தச் சூட்டுல எப்படித்தான் சுமக்காளோ. வாந்தி நின்னுட்டாமா?" நின்றுவிட்டது என்றேன். இல்லாத வயிற்றுக்கு நான் மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் அம்மா தன் பழைய நூல் சேலைகளில் மிருதுவானதாக இரண்டைத் தேர்ந்து, துவைத்து, பிள்ளைக்குத் துணியாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு ஏற்கெனவே முழங்கையில் வாதம். தைக்க நான்கு நாள் ஆயிற்று.

பையை எடுத்துக்கொண்டு போனேன். குடிசைப் பக்கம் போகவில்லை. மருத்துவ நிலையத்துச் சாமான் அறையில், பினாயில் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். சில நாட்கள் கழித்து நர்ஸ் அதைக் கண்டுபிடித்து, நல்ல துணியாக இருக்கிறதே என்று ஊசி போடும் மேஜையைத் துடைக்க எடுத்துக்கொண்டாள். அம்மாவின் பச்சைச் சேலையின் ஓரத்தை அந்த மேஜையில் ரொம்ப நாள் பார்த்தேன்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டாள் அம்மா.

"பொண்ணு."

"நல்லாயிருக்கட்டும்," என்றாள். பிறகு, "உன்னாலதாம்ட்டி அது பொழைச்சுது. நீ அன்னிக்கு வந்து என்கிட்ட சொன்னதாலதான்," என்றாள்.

அந்த வேலையில் மேலும் நான்கு வருடம் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. டாக்டர் மட்டும் தமிழ்ப் பெண்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். வரிசையில் நிற்பவர்களில் கொஞ்சம் இந்தி தெரிந்த யாரையாவது, ஜாடை காட்டி உள்ளே அழைத்துக்கொள்வார். அவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்வார்கள். ஆனால் புரியாவிட்டால் மறுபடி கேட்டார்கள்.

அம்மா இறந்து இப்போது ஆறு வருடம் ஆகிறது. கடைசி வரை, யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், அவள் முதலில் சொன்னது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.